ஆடி அமாவாசைக்குள்

9 ஜூன் 2024

எஞ்சின் ஸ்டாண்டில் ஏறிவிட்டது. எண்ணெய்த் தட்டைக் கழற்றினால் அடியில் பழுப்பு நிறத் துகள்கள். எல்லாம் வால்வுகளைத் திறக்கும் தண்டான காம்ஷாஃப்ட்டின் கியர்ப் பற்கள். அப்பாவின் கார் ஹோல்டன், ஆஸ்திரேலியக் கார். அதன் இந்தச் சிவப்பு எஞ்சினில் டைமிங் செயின் கிடையாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் இரும்புக் கியர் நேரடியாக ஒரு நார்க் கியரைச் சுழற்றும். சத்தம் குறைவு, ஆனால் நார் ஒரு நாள் உதிரும். அப்பா கடைசியாக ஓட்டிய வாரத்திலும் உதிர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும். இப்போது அலுமினியக் கியர் போடுகிறேன். கொஞ்சம் ஊளையிடுமாம். பரவாயில்லை.

ஆகஸ்ட் 4 ஆடி அமாவாசை. அதற்குள்.

13 ஜூன்

டொக்டர் கூப்பிடவில்லை.

17 ஜூன்

பிளாக்கைக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் இளவயதில் இங்கே மெல்பேர்னில் ஹோல்டனின் ஃபிஷர்மன்ஸ் பெண்ட் எஞ்சின் தொழிற்சாலையில் நின்றவர். பிளாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு கிராங்கைத் தாங்கும் ஏழு மெயின் பெயாரிங் இடங்களையும் ஒவ்வொன்றாகத் தடவினார். "இது சாகாது" என்றார். ஒரு அந்நியர் சொன்னதற்கு எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்று தெரியவில்லை.

சிலிண்டரை 40 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு) பெருப்பிக்கிறோம், அதாவது சுமார் ஒரு மில்லிமீட்டர். 202 கன அங்குலம் 206 ஆகும். லீட்டர் கணக்கில் 3.3 சுமார் 3.37 ஆகும். அவ்வளவுதான் கூடும். ஹெட்டில் எக்ஸோஸ்ட் வால்வுகளுக்குக் கடின இருக்கை வைக்கச் சொன்னேன். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்குப் பிறந்தது. வால்வு இருக்கையை அந்த ஈயம்தான் காத்தது. 2002 தொடக்கத்தில் இங்கே ஈயம் முழுக்க நின்றுவிட்டது.

22 ஜூன்

அண்ணா ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலம் கதைத்தார். மூன்று ஸ்ட்ரொம்பேர்க் காபரேட்டர் போடு, பெரிய காம் போடு என்கிறார். 1972இல் பீற்றர் ப்ரொக் பாதெர்ஸ்ட் கார்ப் பந்தயத்தில் வென்ற ஹோல்டன் டொரானாவிலும் இதே 202தானே, அதில் மூன்று இருந்ததே என்கிறார். இருந்தது. அது பந்தயக் கார். இது அம்மா முன்சீட்டில் இருந்து கோயிலுக்குப் போகவேண்டிய கார். ஸ்பிரிங்வேல் ரோட்டில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் குலுங்கிக் குலுங்கி நின்றால் அவர் கதவைத் திறந்து இறங்கி நடந்துவிடுவார்.

பெரிய காம் வால்வைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்கும். 5,000 சுற்றில் அது பலம். 800 சுற்றில் உள்ளே வந்த கலவை திரும்பி வெளியே போகும், எஞ்சின் திக்கும். எனக்கு 1,500இலிருந்து இழுக்கவேண்டும். மெல்லிய காம், ஒரே ஒரு வெபர் 32/36 காபரேட்டர், புகை இலகுவாக வெளியேற எக்ஸ்ட்ராக்டர் குழாய், 9.4 கொம்ப்ரெஷன். முடிவு இதுதான், இனி மாற்றமாட்டேன்.

அண்ணா அம்மாவின் சோதனையைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

28 ஜூன்

மழை. கராஜில் 6 பாகை. ஒன்றும் செய்யவில்லை.

6 ஜூலை

கிராங் வந்துவிட்டது. மெயின்கள் ஆறுதலாக இருந்தன. பிறகு பிஸ்டன் தண்டுகள் கிராங்கைப் பிடிக்கும் ரொட் பெயாரிங்குகளின் இடைவெளி. நசுங்கும் பிளாஸ்டிகேஜ் நூலை ஜேர்னலில் (பெயாரிங் உட்காரும் கிராங்கின் உருளைப் பகுதியில்) வைத்து, மூடியை முறுக்கி, திருப்பிக் கழற்றி, நசுங்கிய அகலத்தைத் தாளோடு ஒப்பிட்டேன். ஒன்று முதல் நான்கு வரை 0.05 மில்லிமீட்டர். ஆறும் 0.05. ஐந்தாவது 0.08.

திரும்ப அளந்தேன். 0.08. கிராங் தெரியாமல் அசைந்துவிட்டதோ என்று மரக்கட்டை வைத்து நிறுத்தி மறுபடி அளந்தேன். 0.08. ஒரு தலைமயிர் இதைவிடத் தடிப்பாக இருக்கலாம். ஆனால் எண்ணெய் அந்த இடைவெளியில்தான் நிற்கிறது; இடைவெளி கூடினால் அது பக்கவாட்டில் வழிந்துவிடும், சூட்டில் அழுத்தம் விழும், அப்புறம் தட்டத் தொடங்கும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

அம்மா கராஜ் வாசலில் நின்று தேத்தண்ணியை நீட்டினார். கை நடுங்குகிறது. முன்பு நடுங்கவில்லை. இல்லை, முன்பும் நடுங்கியதா?

7 ஜூலை

0.08.

9 ஜூலை

இரவு 2 மணிக்கு எழும்பிவிட்டேன். குறை ஜேர்னலிலா பெயாரிங்கிலா? ஐந்தின் பெயாரிங் ஓடுகளை ஆறில் போட்டு, ஆறினதை ஐந்தில் போட்டு அளந்தேன். இப்போது ஆறு 0.08, ஐந்து 0.05. குறை ஓட்டோடு நகர்ந்துவிட்டது! கிராங் நல்லது. மேசையில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். புதிய செட் நாளைக்கே வாங்குவேன்.

15 ஜூலை

எல்லாம் 0.05.

இன்னொரு சோதனை வேண்டுமாம். இந்த முறை ஸ்கான்.

20 ஜூலை

கிராங்கின் முன் நுனியில் அதிர்வைக் குறைக்கும் பலன்சரைப் பார்த்தேன். நடு வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் இடையே இருக்கும் ரப்பர் காய்ந்து, வெளி வளையம் விலகியிருக்கிறது. தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்யும் டைமிங் கோடு வெளி வளையத்தில்தான் இருக்கிறது. அப்பா எத்தனை வருஷம் பொய்க் கோட்டைப் பார்த்து டைமிங் வைத்தாரோ! எஞ்சினுக்குத்தான் வயசு போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாவம் அப்பா.

27 ஜூலை

எஞ்சின் காருக்குள். விரல் இரண்டில் தோல் இல்லை. மகிழ்ச்சி.

அம்மா காத்தோட்டிக்காய் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். டாண்டினோங்கில் தேடவேண்டும். அது இல்லாமல் விரதச் சோறு இல்லையாம்.

31 ஜூலை

கூப்பிட்டார்கள். 5ஆம் தேதி நேரில் வரச் சொன்னார்கள். நல்லதென்றால் போனிலேயே சொல்லியிருப்பார்கள்தானே?

சிலிண்டர்கள் தீப்பிடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. வயர்களை நான்கு தடவை சரிபார்த்தேன்.

2 ஆகஸ்ட்

முதல் ஸ்டார்ட். புது காமுக்கு முதல் இருபது நிமிடம்தான் ஆயுளே. காமின் புடைப்பான லோபின் முகம் மிகமிகச் சிறிதாகச் சரிந்திருக்கும், அதன்மேல் ஏறி வால்வைத் தள்ளும் லிஃப்டரின் அடி சற்றுக் குவிந்திருக்கும். அதனால் லிஃப்டர் சுழன்றுகொண்டே லோபோடு பழகும். சுழலாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் லோபைத் தின்றுவிடும். மெதுவாக ஓடவிட்டால் தெறிக்கும் எண்ணெய் போதாது. 2,000க்கு மேல் வைக்கவேண்டும். துத்தநாகம் கூடிய எண்ணெய், லோபுகளில் கறுப்பு மொலிப் பசை (உராய்வைக் குறைக்க), எண்ணெய்ப் பம்ப்புக்குள் வாஸலின்.

முதல் சுற்றிலேயே பிடித்தது. அழுத்த முள் ஏறியது. 2,200இல் வைத்தேன், பிறகு 2,500, திரும்ப 2,000. அலுமினியக் கியர் மெல்லிதாக ஊளையிட்டது. பன்னிரண்டாவது நிமிடத்தில் வாசலில் அம்மா, தலையில் சால்வை. கையால் காதைப் பொத்தவில்லை. இருபது முடிந்து ஐடிலுக்கு இறக்கினேன், 750. ஸ்டீயரிங் அசையவில்லை.

"அப்பாட கார் இப்பிடித்தான் நிக்கும்" என்றார்.

3 ஆகஸ்ட்

எண்ணெய் மாற்றினேன். ஃபில்டரை வெட்டிப் பார்த்தேன். கொஞ்சம் மொலிக் கறுப்பு, இரும்பு இல்லை. காத்தோட்டிக்காய் கிடைத்தது, உறைந்தது.

4 ஆகஸ்ட்

காலை 6.10. கண்ணாடியில் பனி. அம்மா முன்சீட்டில், மடியில் அர்ச்சனைத் தட்டு. சோக்கைப் பாதி தள்ளியாயிற்று. சூட்டு முள் இன்னும் கால்வாசிக்கு வரவில்லை. அம்மா ஏதோ கேட்கிறார்,