அம்மாவின் இரவு மூச்சுக்கு அழுத்தம் நிர்ணயித்த அனுபவம்

என் அம்மாவுக்குச் சிறு வயதிலிருந்தே முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. வயது ஏற ஏற அந்த வளைவு மார்புக்கூட்டை நெருக்கி, நுரையீரல் விரிவதற்கான இடத்தைக் குறைத்துவிட்டது. காலையில் எழும்போதே தலைவலி என்றும், உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறது என்றும் அவர் சொல்லத் தொடங்கியதும், நுரையீரல் மருத்துவர் தமனி ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டிய கரியமில வாயு 58 ஆக இருந்தது. ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு மட்டும் 7.36 என்று இயல்பாகவே இருந்தது. சிறுநீரகம் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டைத் தேக்கிவைத்து ஈடுகட்டியிருக்கிறது என்றும், அதனால் இது நெடுநாளாக நடந்துவருவது என்றும் மருத்துவர் விளக்கினார்.

இரவில் ஆக்சிஜன் கொடுத்தால் போதாதா என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். விரலில் மாட்டும் கருவியில் 88 என்று தெரிந்தால் அதை 95 ஆக்கிவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அம்மாவுக்குக் குறைவாக இருந்தது மூச்சின் ஆழம். ஆழமில்லாத மூச்சோடு ஆக்சிஜனை மட்டும் சேர்த்தால், விரல் கருவியில் எண் அழகாகத் தெரியும். வெளியேறாத கரியமில வாயுவோ உள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும். எனவே தொண்டையில் குழாய் எதுவும் செருகாமல், முகத்தில் பொருத்தும் மாஸ்க் வழியாக அழுத்தக் காற்றைத் தரும் பைபாப் இயந்திரமே தேவை என்றும், அதன் அழுத்தங்களைத் தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு முழுவதும் பார்த்து நிர்ணயிக்க வேண்டும் என்றும் முடிவானது.

அந்த இரவுக்கு முன்பே, பகலில் விழித்திருக்கும்போது மாஸ்க்கை அணிந்து பழகும்படி சொல்லியிருந்தார்கள். முதலில் பட்டைகளை மாட்டாமல் அம்மாவே கையால் முகத்தில் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தோன்றியதும் எடுத்துவிடுவார். மூச்சு முட்டும் என்ற பயம் கரைந்ததற்கு அந்தச் சுதந்திரம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

ஆய்வகத்தில் தொழில்நுட்பர் செய்த முதல் வேலை எனக்குப் புதிராக இருந்தது. அம்மாவைக் கைகளை இருபுறமும் நீட்டச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை நாடாவால் அளந்தார். வளைந்த முதுகெலும்பு உயரத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால், கைகளின் விரிவையே உயரமாகக் கொள்வார்களாம். 150 செ.மீ. வந்தது, அதற்குரிய உகந்த எடை ஏறத்தாழ 43 கிலோ, கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. என்ற கணக்கில், ஒவ்வொரு மூச்சிலும் 260 முதல் 345 மி.லி. காற்று உள்ளே போக வேண்டும் என்று குறித்துக்கொண்டார். அதன் பிறகு தலையில் மின்முனைகள், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், தோலைச் சற்றே சூடாக்கி அதன் வழியே கரியமில வாயுவை அளக்கும் சிறிய உணரி ஆகியவற்றைப் பொருத்தினார். உடனிருக்க அனுமதி கிடைத்ததால், பக்கத்து அறையில் திரைக்கு முன் அவரருகே நானும் உட்கார்ந்திருந்தேன்.

மூச்சை இழுக்கும்போது 8 செ.மீ. நீர் அழுத்தம், விடும்போது 4 என்று தொடங்கினார்கள். இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் மூச்சை ஆழமாக்குகிறது. விடும்போதுள்ள அழுத்தம் தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்குவதோடு, வெளிவிட்ட காற்று மாஸ்க்கின் சிறு துளைகள் வழியாக வெளியேறவும் உதவுகிறது. அந்தத் துளைகளைப் போர்வையால்கூட மூடக் கூடாது.

அம்மா தூங்கிய சற்று நேரத்தில் தொண்டை குறுகுவதைக் காட்டும் குறட்டையும், திரையில் காற்றோட்டக் கோடு தட்டையாவதும் தெரியவே, விடும் அழுத்தத்தை 6 ஆக்கினார். அதற்கேற்ப இழுக்கும் அழுத்தத்தையும் உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடமாவது காத்திருந்தே அடுத்த படிக்குப் போனார். இடையில் கசிவின் அளவு ஏறியது. மூக்குத் தண்டின் மேல் பகுதியில் காற்று பீறிட்டு அம்மாவின் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. நான் பட்டையை இறுக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பட்டைகளைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி, அதன் மெத்தை காற்றில் உப்பியதும் மீண்டும் உட்காரவைத்தார். கசிவு அடங்கிவிட்டது.

அதிகாலையில் வந்த கனவுத் தூக்கம்தான் உண்மையான சோதனை. அந்தக் கட்டத்தில் உடலின் தசைகள் தளர்ந்து, மூச்சின் வேலை முழுவதும் உதரவிதானத்தின் மேல் விழுகிறது. அம்மாவைப் போல் கழுத்து, விலாத் தசைகளின் துணையோடு மூச்சு விடுபவர்களுக்கு அந்தத் துணை அப்போது இல்லாமல் போகிறது. திரையில் கண் அசைவுக் கோடுகள் துள்ளத் தொடங்கியதும் மார்புப் பட்டையின் அலை சுருங்கியது. மூச்சின் அளவு 190 மி.லி.க்கு இறங்க, கரியமில வாயு 54 இலிருந்து 63 வரை ஏறியது. அப்போதும் ஆக்சிஜன் 91 என்றே காட்டியது. அதை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் நலம் என்று விட்டிருப்போம். இழுக்கும் அழுத்தத்தை இரண்டிரண்டாக உயர்த்தி 18 இல் நிறுத்தினார். அம்மாவின் மெல்லிய முயற்சிகள் சிலவற்றை இயந்திரம் கண்டுகொள்ளாததால், அதன் உணர்திறனைக் கூட்டி, அம்மாவின் மூச்சு தாமதித்தால் இயந்திரமே தொடங்கிவைக்கும்படி நிமிடத்துக்கு 16 மூச்சு என்ற துணை வேகத்தையும், இழுக்கும் நேரமாக 1.2 வினாடியையும் வைத்தார். விறைத்த மார்புக்கூடு மெதுவாகவே விரியும் என்பதால், அழுத்தம் ஏறும் வேகத்தையும் சற்றுத் தணித்தார். தோல் உணரி ஓரிரு நிமிடம் பின்தங்கியே காட்டும் என்பதால், அந்தக் காத்திருப்பு எனக்கு நீண்டதாகத் தோன்றியது. அடுத்த கனவுத் தூக்கத்தில் கரியமில வாயு 52ஐத் தாண்டவில்லை. ஆக்சிஜன் சேர்க்க வேண்டிய தேவையும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபின் வயிற்றில் காற்று சேர்ந்து உப்புசம் ஏற்பட்டதால், மருத்துவரின் ஆலோசனையின்படி அழுத்தத்தை 16 ஆகக் குறைத்துப் பழக்கி, மீண்டும் 18க்கு ஏற்றினோம். வாய் வறட்சிக்கு ஈரப்பதமூட்டியே போதுமானதாக இருந்தது. காலைத் தலைவலிதான் முதலில் விலகியது. மறுபரிசோதனையில், விழித்திருக்கும்போதே எடுத்த ரத்தத்தில் கரியமில வாயு 47 என்று வந்தது. இயந்திரத்தின் நினைவட்டையில் பதிவாகும் பயன்பாட்டு நேரம், கசிவு, மூச்சின் அளவு ஆகியவற்றை ஒவ்வொரு சந்திப்பிலும் மருத்துவர் பார்க்கிறார். எடை மாறினாலோ, தலைவலி திரும்பினாலோ அழுத்தங்களை மறுபடி நிர்ணயிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.