பயணத்துக்கு மாத்திரை எழுதும் முன் பழைய சீட்டையும் வாங்கிப் பாருங்கள்

வெளிநாடு கிளம்புகிறவருக்கு மருந்து எழுதும்போது பேச்செல்லாம் போகிற இடத்தைப் பற்றியே ஓடுகிறது. அங்கே மலேரியா உண்டா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயமா, எவ்வளவு உயரம் ஏறப்போகிறார். சரி, அதெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் அவர் தினமும் விழுங்குகிற மாத்திரைகளை யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை, எனக்குப் பெரிய கவலையே அதுதான்.

ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவரை எடுத்துக்கொள்வோம். மலேரியா தடுப்புக்குக் கொடுக்கிற புரோகுவானில், டாக்சிசைக்ளின் இரண்டுமே வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடக்கூடும். வழக்கமாக இந்த மாத்திரைகளைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்னால்தான் தொடங்கச் சொல்கிறோம். அப்படிச் செய்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) ஏறுகிற நேரத்தில் ஆள் ரத்தப் பரிசோதனைக்கு வழியில்லாத ஏதோ ஓர் ஊரில் இருப்பார், ஈறில் ரத்தம் கசிந்தால்கூட அழுத்திப் பல் தேய்த்துவிட்டோம் என்று விட்டுவிடுவார். இவர்களுக்கு 2, 3 வாரம் முன்பே தொடங்கி, கிளம்புமுன் ஐஎன்ஆர் பார்த்து அளவைச் சரிசெய்து அனுப்புங்கள். திரும்பி வந்து மலேரியா மாத்திரையை நிறுத்திய பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

டாக்சிசைக்ளினில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது நெஞ்செரிச்சல் கொடுக்கும், உடனே அவர் ஒரு ஆன்டாசிட் போட்டுக்கொள்வார், அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் குடலில் டாக்சிசைக்ளினைப் பிடித்துவைத்துக்கொள்ள, உடம்புக்குள் போவது குறைந்துவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். ஒருநாள்கூடத் தவறாமல் சாப்பிட்டும் மலேரியா வந்துவிட்டது என்றால், இதையும் விசாரிக்க வேண்டும். நடுவில் 2, 3 மணி நேர இடைவெளி விடச் சொன்னாலே போதும், ஆனால் அதைச் சொல்கிறவர்கள்தான் குறைவு.

வயிற்றுப்போக்கு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள் என்று சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிடுகிறோம். முதுகுப் பிடிப்புக்கு டிசானிடின் எடுப்பவருக்கு அது கூடவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். அசித்ரோமைசினுக்கு மாற்றலாம்தான், ஆனால் அமியோடரோன் மாதிரி இதயத் துடிப்பின் சீரை மாற்றுகிற மருந்து ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவருக்கு மலையேற்றத்துக்கென்று அசெட்டசோலமைடு எழுதினால் ரத்தத்தில் லித்தியம் குறைந்துபோகலாம்.

'வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?' என்று பொதுவாகக் கேட்டால் பலரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், கால்சியத்தையும் ஆன்டாசிட்டையும் அவர்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நெஞ்செரிச்சலுக்கு என்ன, வலிக்கு என்ன, தூக்கத்துக்கு என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். அப்புறம், கம்பெனி வைத்த பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எல்லா மருந்துக்கும் மூலப்பெயரை எழுதி ஒரு சீட்டுக் கொடுத்து, அங்கே எந்தக் கடையில் எது வாங்கினாலும் முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.