ரூஜ் ஆற்றின் வாயில்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் பிறந்து, குளக்கட்டுகளோடும் வான்கதவுகளோடும் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவன் நான். எந்த ஆற்றைக் கண்டாலும் அது எங்கே போய் விழுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். போன செப்டெம்பரில் கனடாவின் ஸ்காபரோவில் மகள் நயாகராவுக்குக் கூப்பிட்டாள். "அது பிறகு மகள், முதலில் இந்த ஊர் ஆற்றைக் காட்டு" என்றேன்.

ரூஜ் என்பது அதன் பெயர். ரயில் பாலத்துக்குக் கீழால் வந்து ஒன்ராறியோ ஏரியில் விழுகிறது. மணல்திட்டும் பின்னால் சதுப்பும் நாணலுமாக, எங்கள் பாலமீன்மடு முகத்துவாரத்தின் சின்னத் தங்கை போல இருந்தது. குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தேன். உப்புக் கரிக்கவில்லை. ஏரி என்று தெரிந்தும் நாக்கு உப்பைத்தான் எதிர்பார்த்தது. அந்த ஏரியே கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 75 மீற்றர் மேலே கிடக்கிறது. அதன் நீர்மட்டத்தைத் தூரத்தில், சென் லோறன்ஸ் ஆற்றின் அணை ஒன்றில் வைத்து ஆள்கிறார்கள். நமக்கோ ஒவ்வொரு மாரியிலும் ஆற்றுவாயை அடைத்த மணலை இன்றைக்கு வெட்டுவதா, நாளைக்கு வெட்டுவதா என்ற வழக்கு.

ஆறு பிறப்பது வடக்கே, ஓக் றிட்ஜஸ் மேட்டில். பனிப்பாறைகள் உருகிப் போனபோது விட்டுச்சென்ற மணலும் பரலும் மழையைக் குடித்துவைத்து, ஊற்றாகக் கசியவிடுகின்றன. றிச்மண்ட் ஹில், மார்க்கம் வழியாக இறங்கி, கடைசியில் சிறு ரூஜையும் சேர்த்துக்கொள்கிறது.

இரண்டு நாள் கழித்து மேலே நடந்தோம். முழங்கால் அளவுத் தண்ணீரில், முதுகு வெளியே தெரிய, சின்னூக் சல்மன்கள் முட்டையிட ஏறிக்கொண்டிருந்தன. பசிபிக் கரையின் மீன். 1960களின் பிற்பகுதியிலிருந்து இந்த ஏரியில் பெருமளவில் விட்டு வளர்த்திருக்கிறார்கள். ஒன்றின் வால் கல்லில் தேய்ந்து வெளிறியிருந்தது. மூன்று தடவை பாய்ந்து, மூன்று தடவையும் தண்ணீர் அதைப் பின்னே தள்ளியது. நாலாம் தடவை ஏறிவிட்டது. நான் வாய்விட்டு "அப்படித்தான்!" என்றேன்.

ஆனால் என் மனதில் நிலைத்தது மீன் அல்ல, கரை. 1954 அக்டோபரில் ஹேசல் புயல் ஒன்ராறியோவில் 81 உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் ரொறன்ரோப் பகுதியின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதைத் தடுத்தார்கள், காணிகளை வாங்கி வெறுமையாக விட்டார்கள். ரூஜ் ஓரத்தில் 2015இல் தேசியப் பூங்காவே அமைத்தார்கள், ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர். பெருநகரத்துக்குள் இருந்துகொண்டும் அந்த ஆறு பெருகினால் பரவ இடமிருக்கிறது.

நேற்று மாலை எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில், வாவிக்கரையில், மூன்று பெட்டி கிறவல் கொட்டிக் கிடந்தது. கண்டல் வேர்கள் பாதி புதைந்துவிட்டன. நாடாவை எடுத்துப்போய் அளந்தேன். கிறவலிலிருந்து தண்ணீருக்குப் பதினொரு அடி. மாரி தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நாளைக் காலை எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன்.