அமுக்கி அளந்த கூடை

செப்டம்பர் 3
பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு ஹாப்ஸ் கொடியைக் கொடுத்துவிட்டுப் போனார். எண்பதைத் தாண்டியவர். அவருடைய பாட்டி, முதல் உலகப் போருக்கு முன், சிறுமியாக லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து, தென்கிழக்கு இங்கிலாந்தின் இந்தக் கென்ட்டுக்கு ஹாப்ஸ் பறிக்க வந்தவராம்.

கொடியில் தொங்கும் ஹாப்ஸைக் காய் என்று சொல்ல முடியாது. பூ என்று சொல்லவும் மனம் வரவில்லை. பச்சைக் காகிதச் செதில்களை அடுக்கியது போன்ற சின்னக் கூம்பு. பிரித்தால் செதிலடியில் மஞ்சள் பொடி. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது இதுதான். விரலை நாக்கில் வைத்துத் தொலைத்தேன். வேப்பங்கொழுந்தே தேவலை! இரண்டு முறை சோப்புப் போட்டும் பிசுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 5
கொடி படர்வது தென்னைநார்க் கயிற்றில் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கென்ட்டில் தென்னை ஏது? கடல் கடந்து வந்த கயிறு. வசந்த காலத்தில் ஆண்கள் பொய்க்கால் கட்டி நடந்து, உயரத்துக் கம்பிகளில் அதைக் கட்டுவார்களாம்.

செப்டம்பரில் விடியுமுன் புறப்படும் சிறப்பு ரயில்களில் பெண்களும் குழந்தைகளும் சட்டிபானையோடு வந்து இறங்குவார்கள். தங்க ஒற்றை அறைக் குடிசை, படுக்க வைக்கோல். ஏழைகளின் விடுமுறை என்று இதைக் கொஞ்சிப் பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாள் முழுதும் பூ உருவிய பிள்ளைகளைக் கேட்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் 6
இன்று கூலிக் கதை. மரச் சட்டத்தில் சாக்கைக் கட்டிய தொட்டிக்குள் பூவை உருவிப் போடுவார்கள். அளப்பவர் புஷல் கூடையோடு வருவார். ஒரு புஷல் ஏறக்குறைய 36 லிட்டர். அந்நாளைய ஆங்கில நாணயமான ஷில்லிங் ஒன்றுக்கு இத்தனை புஷல் என்று பேச்சு. அவர் தலை தெரிந்ததுமே பெண்கள் தொட்டிக்குள் கைவிட்டுப் பூவைக் கிளறி உப்ப வைப்பார்கள். சில அளவுக்காரர்களோ கூடையில் முழங்கை வரை விட்டு அமுக்குவார்கள். சண்டை அங்கேதான். சில தோட்டங்களில் வேலைநிறுத்தம் வரைக்கும் போயிருக்கிறது.

1908 மே மாதம் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூடியது, வெளிநாட்டு ஹாப்ஸுக்கு வரி போடச் சொல்லி. கூடையைப் பற்றி அல்ல.

செப்டம்பர் 9
பூவைக் கந்தகப் புகை காட்டி உலர்த்திய கூம்புக்கூரைச் சூளை வீடுகளில் ஒன்றைப் பார்த்தேன். இப்போது குடியிருப்பு. வாசலில் இரண்டு கார்கள்.

வீட்டுக்கு வந்து கொடியில் இருந்ததையெல்லாம் உருவினேன். இட்லிப் பாத்திரம் விளிம்பு வரை நிறைந்தது. உள்ளங்கையால் ஓர் அமுக்கு. பாதிக்கு இறங்கிவிட்டது. திரும்ப நிரப்பக் கொடியில் ஒன்றும் மிச்சமில்லை.