ஃபீஸ் இல்லை என்பதற்காக மட்டும் ஜெர்மனியா?

மேற்படிப்புக்கு ஏன் ஜெர்மனி என்று கேட்டால், "அங்கே ஃபீஸ் கிடையாது" என்ற பதில்தான் முதலில் வரும். பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும் கட்ட வேண்டும். ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ எல்லாம் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வந்துவிட்டது. முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ.

விசாவுக்கு ஓராண்டுச் செலவை பிளாக்டு அக்கவுண்டில் முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. இது ஃபீஸ் இல்லை, உங்கள் பணமேதான். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். கல்விக்கடன் வாங்குபவர்கள் இரண்டாம் ஆண்டுச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பணத்தைவிட, பாடத்திட்டம் பொருந்துகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். நிராகரிப்புகள் அதிகம் வருவது அங்கேதான். மெக்கானிக்கல் முடித்துவிட்டு டேட்டா சயின்ஸுக்கு விண்ணப்பித்தால், கணிதத்தில் இத்தனை கிரெடிட், கணினியியலில் இத்தனை கிரெடிட் என்று ஒவ்வொரு பாடமாக எண்ணிப் பார்ப்பார்கள். குறைந்தால் சி.ஜி.பி.ஏ. 9 இருந்தாலும் உதவாது. கல்லூரியில் முத்திரை வைத்து வாங்கிய முழு சிலபஸ் கையில் இருக்கட்டும்.

மதிப்பெண்ணை மாற்றும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 வெறும் பாஸ். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் பாஸுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். சி.ஜி.பி.ஏ. 8 என்று வையுங்கள். பாஸ் கிரேடு 5 என்றால் 2.2 வரும், 6 என்றால் 2.5. பல துறைகள் 2.5-ஐத்தான் எல்லையாக வைத்திருக்கின்றன. ஆகவே உங்கள் ரெகுலேஷனில் பாஸ் கிரேடு எது என்பது மார்க் ஷீட்டின் பின்பக்கத்திலோ தனிக் கடிதத்திலோ தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்களே ஒன்றை எடுத்துக்கொள்வார்கள்.

நம் கல்விச் சான்றுகள் உண்மையானவையா என்று சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தருவது ஏ.பி.எஸ். சான்றிதழ். 2022 நவம்பர் முதல் அது இல்லாமல் மாணவர் விசா கிடையாது. கட்டணம் 18,000 ரூபாய். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு வருடமே போய்விடும். பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அமைப்பான யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் படிப்புக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. ஆவணங்களைச் சரிபார்க்க வாரக்கணக்கில் ஆகும். கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கிறது. ஜெர்மனியைத் தேர்ந்தெடுக்க இதுவே நல்ல காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் நேர்காணல் பெரும்பாலும் ஜெர்மனில்தான். இங்கே கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 தொடங்கிவிடுங்கள். அங்கே போய் வகுப்பு, பகுதிநேர வேலை, மொழி மூன்றையும் சேர்த்து இழுப்பது மிகக் கடினம்.

இன்னொன்று. இங்கே அரியரைப் பலமுறை எழுதலாம். அங்கே பெரும்பாலும் மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தவறினால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்; அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. சேர்ந்த வாரமே உங்கள் துறையின் தேர்வு விதிகளை வாங்கிப் படியுங்கள். பல இடங்களில் அது ஜெர்மனில் மட்டுமே இருக்கும்.