கோலத்துக்குக் குனிந்தால் அடித்த ஷாக்: எம்எஸ் என்று தெரிய எனக்கு ஆன 14 மாதம்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்எஸ், ஒரு நரம்பு நோய்) என்று எழுதிக் கையில் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. முதல் அறிகுறியிலிருந்து கணக்குப் பார்த்தால் 14 மாதம். அந்த 14 மாதமும் எங்கே போயிற்று என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் மார்ச்சில் இரண்டு பாதமும் மரத்துப்போயின. நாலைந்து நாளில் மரப்பு இடுப்பு வரை ஏறிவிட்டது. செருப்பு காலில் இருக்கிறதா கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் கோவில்பட்டியில் பார்த்த டாக்டர் "சத்துக் குறைவு, நரம்புத் தளர்ச்சி" என்று பி12 ஊசி போட்டார். ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. ஊசி வேலை செய்தது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இந்த நோயில் ஒரு தாக்குதல் வந்து, மருந்தே இல்லாமலும் சில வாரங்களில் தானாகத் தணியும் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

மார்கழியில் வாசலில் கோலம் போடத் தலையைக் குனிந்தால் பிடரியிலிருந்து முதுகு வழியாகத் தொடை வரை சுரீர் என்று கரண்ட் அடித்தமாதிரி இறங்கும். நிமிர்ந்தால் நின்றுவிடும். தூங்கின வாகு சரியில்லை என்று விட்டுவிட்டேன். மாதக் கணக்கில் இது இருந்தது, ஒரு டாக்டரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரலில் வலது கண். அசைத்தால் உள்ளே வலிக்கும், பார்வை பனி மூட்டம் போல. கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒருநாள் குங்குமச் சிமிழைத் திறந்து ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தேன். இடது கண்ணுக்குச் சிவப்பு, வலது கண்ணுக்கு அதே குங்குமம் வெளுத்த செங்கல் நிறம். அன்றைக்குத்தான் பயம் வந்தது. கண்ணில் வலியும் சிவப்பு நிறம் மங்குவதும் சேர்ந்து வந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், நேராகக் கண் டாக்டரிடம் போங்கள்.

கண் டாக்டர் பார்வை நரம்பு வீக்கம் என்று உடனே சொல்லிவிட்டார், எம்ஆர்ஐயும் எழுதினார். ஸ்கேன் சென்டரில் மூளை மட்டும், கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமல் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் "சில வெள்ளைப் புள்ளிகள், வயது காரணமாக இருக்கலாம்" என்று ஒரு வரி. எனக்கு 31 வயது! அதையும் தூக்கிக்கொண்டு மதுரைக்கு நரம்பியல் டாக்டரைப் பார்க்கப் போனால் அவர் ரிப்போர்ட்டைத் திறக்கவே இல்லை, "படம் இருக்கிற சிடி எங்கேம்மா?" என்றார். சென்டரில் ஃபிலிம்தான் கொடுத்திருந்தார்கள். போன் போட்டுக் கேட்டால், நேரில் வந்து எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு நடந்த இன்னொன்றுக்காக அவருக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். "மோவாய் நெஞ்சில் படுகிற மாதிரி குனியுங்க, ஏதாவது ஆகுதா?" என்றார். அதே ஷாக். மார்கழியிலிருந்தே இருக்கிறது என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, போன வருடத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். கால் மரப்பையும் அப்போதுதான் சொன்னேன்.

அவர் விளக்கியது இது. நரம்பு இழையைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது, ஒயரின் மேல் பிளாஸ்டிக் உறை மாதிரி. எம்எஸ்ஸில் நம் எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் அதை அங்கங்கே அரித்துவிடுகிறது. உறை போன இடத்தில் செய்தி மெதுவாகப் போகும், அல்லது நின்றே போகும். வெயிலில் நடந்தாலோ அடுப்படியில் நின்றாலோ என் கண் மங்கி, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் தெளிவதும் இதனால்தான். உறை போன நரம்பு சூட்டில் இன்னும் தடுமாறும். புது தாக்குதல் என்று அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

கழுத்துத் தண்டுவடத்தையும் சேர்த்து, கான்ட்ராஸ்ட்டோடு மறுபடி எம்ஆர்ஐ எழுதினார். காலை நாலரை பஸ் பிடித்துப் போனோம். கவுன்ட்டரில் "கிரியேட்டினின் ரிப்போர்ட் இல்லாமல் ஊசி போட மாட்டோம்" என்றார்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாதாரண ரத்தப் பரிசோதனை. சரி, இங்கேயே எடுங்கள் என்றால், ரிசல்ட் மதியத்துக்கு மேல்தான், அதற்குள் ஸ்லாட் போய்விடும், அடுத்தது வியாழக்கிழமை என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் பதில். முன்பதிவு செய்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோவில்பட்டியிலேயே முடித்திருப்பேனே. ஒன்றும் பண்ணாமல் திரும்பி வந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போனது.

அந்த ஊசி ஏன் முக்கியம் என்றால், புதிதாக அழற்சி இருக்கிற இடம் மட்டும்தான் அதில் ஒளிரும், பழைய தழும்பு ஒளிராது. ஒரே ஸ்கேனில் பழையதும் புதியதும் தெரிந்தால், வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு நேரத்தில் பாதிப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். எம்எஸ் என்று முடிவு செய்ய அது முக்கியமான ஆதாரம். எனக்கு இரண்டும் இருந்தன.

பிறகு அட்மிஷன், மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தினம் 1 கிராம் வீதம் ஐந்து நாள் டிரிப்ஸ். மாத்திரையாகத் தரக்கூடாதா என்று கேட்டேன். பார்வை நரம்பு வீக்கத்துக்குச் சாதாரண அளவு மாத்திரையை மட்டும் கொடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 1992இலேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டதாம். வாயெல்லாம் இரும்புச் சுவை, ராத்திரி தூக்கமே இல்லை. பரிசோதனைக்காக முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தது பயந்த அளவுக்கு இல்லை.

கடைசியாக அக்வாபோரின்-4 ஆன்டிபாடி டெஸ்ட். வெளியூர் லேபுக்குப் போய் வரப் பத்து நாள். "அதான் தெரிஞ்சுபோச்சே, மருந்தை ஆரம்பிக்கலாமே" என்று வீட்டில் ஒரே நச்சரிப்பு. டாக்டர் அசையவில்லை. என்எம்ஓ என்று இன்னொரு நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த டெஸ்ட். அதுவும் கண் நரம்பையும் தண்டுவடத்தையும்தான் தாக்கும், ஆனால் எம்எஸ்ஸுக்குக் கொடுக்கிற இன்டர்ஃபெரான் போன்ற மருந்துகள் அதை மோசமாக்கிவிடும். உங்கள் டாக்டர் இந்த ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கச் சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள். எனக்கு நெகட்டிவ் வந்தது.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மரப்பு, வலி, மங்கல், எது வந்தாலும் தேதி போட்டு, எத்தனை நாள் இருந்தது என்று எழுதுகிறேன், கேட்காவிட்டாலும் காட்டுகிறேன். சிடிக்கு இரண்டு காப்பி. குங்குமம் வலது கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் வெளுப்புத்தான், அப்படியே நின்றுவிடலாம் என்றார் டாக்டர்.

ஆறு மாதத்தில் அடுத்த எம்ஆர்ஐ. தேதி வாங்கும்போதே கவுன்ட்டரில் நின்று கேட்டுவிட்டேன், கிரியேட்டினின் எத்தனை நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று. சீட்டின் பின்னால் எழுதித் தரச் சொல்லி வாங்கி வந்திருக்கிறேன்.