சாஞ்ச எழுத்தும் தட்டுவடை செட்டும்

போன மாசம் எங்க அத்தை சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் சின்னதா ஒரு தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் துருவுன காயும் வச்சுத் தர்றது) கடை போட்டாங்க. போர்டு நான் வரைஞ்சு தரேன்னு சொல்லியிருந்தேன், ஆஃபீஸ் வேலைல தள்ளிப்போக அவங்களே ஒரு ஃப்ளெக்ஸ் கடைல அடிச்சு மாட்டிட்டாங்க. மஞ்சள்ல செவப்பு எழுத்து, நல்ல தடிமன், வலது பக்கமா சாய்வு, அவங்க கேட்டது எல்லாமே இருக்கு. ஆனா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு பாத்தா 'ட்' மேல இருக்க வேண்டிய புள்ளி நகந்து போய் பக்கத்து 'டு' தலைமேல உக்காந்திருக்கு, அதுவும் உருண்டையா இல்ல, நசுங்குன கொண்டக்கடலை மாதிரி. 'வ'வோட சுழி அடைச்சுப்போய் வெறும் செவப்புப் பொட்டா இருக்கு. எனக்கு மனசே கேக்கல.

என்ன நடந்திருக்கும்னா, நேரா இருக்கற ஒரு போல்டு ஃபான்ட்ட எடுத்து கோரல்டிராங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல ஸ்க்யூ பண்ணி, அதாவது மேல்பக்கத்த மட்டும் பக்கவாட்டுல தள்ளி இழுத்திருப்பாங்க. இத்தாலிக், அதான் சாய்வு எழுத்து, வந்துருச்சுன்னு நெனப்பு. அப்படி வராதுங்க. ஒரு வளையத்த வலது பக்கமா ஒரு 11 டிகிரி இழுத்துப் பாருங்க, மேல வலது மூலையும் கீழ இடது மூலையும் கிட்டத்தட்ட பத்து சதவீதம் தடிச்சிரும், மத்த ரெண்டு மூலையும் அதே அளவுக்கு மெலிஞ்சிரும், அதாவது ஒரே வளையத்துல ஒரு பக்கம் வீக்கம் ஒரு பக்கம் சோகை. மெல்லிசு எழுத்துல இது கண்ணுக்குத் தெரியாது, தடி எழுத்துல பளிச்சுனு தெரியும், நம்ம எழுத்துலதான் சுழிக்கு பஞ்சமே இல்லையே, 'ண'ல மட்டும் எத்தன வளைவு பாருங்க. அதனால சாய்ச்சதுக்கு அப்புறம் ஒவ்வொரு வளைவையும் திரும்ப கைல திருத்தணும், சுழிக்குள்ள காத்து விடணும், புள்ளிய மறுபடி வட்டமா போட்டு சரியான எடத்துல நிறுத்தணும்.

இதெல்லாம் எனக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தரல. எங்க சித்தப்பா சேலத்துல குகைங்கற ஏரியால பஸ்ஸுக்கும் லாரிக்கும் பேர் எழுதினவரு. சாக்பீஸ் தடவுன நூல ரெண்டு பக்கமும் புடிச்சு சுண்டி கோடு போடுவாரு, அப்புறம் சாய்வுக்கு ஒரு கோடு, அதுக்கப்புறம்தான் பிரஷ்ஷயே தொடுவாரு. ஒரு நாள் ஒரு பஸ்ஸுல டிரைவர் பக்கம் நல்லா சாய்ச்சு எழுதிட்டு கதவுப் பக்கம் வந்து நேரா எழுத ஆரம்பிச்சாரு. ஏன் சித்தப்பானு கேட்டேன். "டிரைவர் பக்கம் நின்னு பாத்தா வண்டி மூஞ்சி வலது கைப் பக்கம், எழுத்தும் அங்கதான் சாயுது. கதவுப் பக்கம் மூஞ்சி இடது பக்கம்டா தம்பி, இங்கயும் வலதுக்கே சாய்ச்சா வண்டி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கும்"னாரு. இப்ப புது பஸ் ஸ்டாண்டு போனா நான் மொதல்ல அதத்தான் பாப்பேன், ஸ்டிக்கர் ஒட்டுன வண்டில ரெண்டு பக்கமும் ஒரே ஃபைல்தான் இருக்கு. 1978ல அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தும் அவரு 'விலை'ல 'லை'ய கடைசி வரைக்கும் பழையபடி யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்டுத்தான் எழுதினாரு, சாய்வு எழுத்துல அந்த வளைவு மேல எழும்பறது அவ்ளோ அழகா இருக்கும்.

சாய்வு எழுத்து நம்மளோடது இல்ல. 1501ல வெனிஸ்ல ஆல்டஸ் மனுசியஸ் அச்சகத்துல வந்தது, அச்சு வெட்டுனவரு பிரான்செஸ்கோ கிரிஃபோ, அந்த ஊர்க்காரங்க கையெழுத்தே அப்படி சாஞ்சு ஓடும். நமக்கு 1578ல கொல்லத்துல தமிழ் எழுத்துல புத்தகம் அடிச்சதுல இருந்தே நேர் எழுத்துதான், அழுத்திச் சொல்லணும்னா தடி எழுத்து இல்லன்னா மேற்கோள் குறி. அதனால பக்கம் பக்கமா தமிழ சாய்ச்சு அடிக்கறது எனக்குப் பிடிக்காது, படிக்கறவங்க கண்ணு வலிக்கும். தடிச்ச சாய்வு எழுத்துக்குன்னு எடம் இருக்கு, பஸ் பேரு, கடை போர்டு, பாக்கெட்டு, ஆடித் தள்ளுபடி பேனர், ரெண்டு மூணு வார்த்தை, பெருசா, அவ்ளோதான். லாப்ஸ்டர்னு தடிச்ச சாய்வுல ஒரு இங்கிலீஷ் ஃபான்ட்டு, 2010ல பாப்லோ இம்பல்லாரி பண்ணது, காபி ஷாப் போர்டுல கண்டிப்பா பாத்திருப்பீங்க. ஒரே எழுத்துக்கு பல வடிவம் வரைஞ்சு பக்கத்து எழுத்தோட ஒட்டற மாதிரி பண்ணியிருப்பாரு. தமிழ்ல கூகுள் ஃபான்ட்ஸ்ல கவிவாணர்னு ஒன்னு இருக்கு, சாய்வாவே வரைஞ்சது, டவுன்லோட் பண்ணி பெருசாக்கிப் பாருங்க, இழுத்ததுக்கும் வரைஞ்சதுக்கும் வித்தியாசம் புரியும்.

அத்தை போர்டுக்கு திரும்ப வரோம். அத நானே புதுசா வரைய உக்காந்தேன். 'தட்டுவடை செட்', மொத்தம் எட்டே உருவம்: த, ட, டு, வ, ச, ஒத்தக் கொம்பு, ஐகாரக் கொம்பு, புள்ளி. 'டு'வையும் சேத்தா இதுல 'ட' மட்டும் நாலு தடவ வருது, அது சரியா இல்லன்னா போர்டே போச்சு. சாய்ச்சா 'ட'வோட உள்மூலை குறுகி கருப்பா தெரியுது, அதனால அடிக்கோட்ட கொஞ்சம் மெலிச்சு மூலைல லேசா வெட்டி விட்டேன். சாய்வு 9 டிகிரி போதும்னு வச்சுட்டேன். மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு. போன வாரம் தகரத்துல பெயின்ட்லயே எழுதி மாட்டினோம், சித்தப்பாதான் ஏணில ஏறினாரு, கை நடுங்குது இருந்தாலும் புள்ளி ரெண்டையும் அவரே வச்சாரு. அத்தை எதிர்ப்பக்கம் போய் நின்னு பாத்துட்டு வந்து, "இப்பத்தான்டா கண்ணு படிக்க முடியுது"னு சொல்லி எனக்கு ஒரு செட் போட்டாங்க, பீட்ரூட்டும் கேரட்டும் அதிகமா வச்சு.